எது நமது தேட்டம்?

வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் ஒழுங்கை வழியே மாலை வேளையில் நடந்து செல்லும் எவரும் இன்று காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. இரு மருங்கிலும் ஆளுயரத்துக்கு மேலெழுந்த மதில்கள், அவற்றுக்கு அப்பால் மாடி வீடுகள், வாயில்களிலே இரும்புப் படலைகள், படலைகளிலே பூட்டுக்கள். பத்து வீடுகளுக்கு ஒரு வீட்டில் விளக்கெரிந்தால் அதுவே பெரிது. அவ்விளக்கெரியும் வீட்டினுள்ளும் எழுபது வயதைக் கடந்த தாயொருத்தி, எட்டு அறைகளுள் ஓர் அறையிலே தனித்திருந்து, மற்றை ஏழினையும் வாரத்துக்கொரு முறை தூசு தட்டிப் பூட்டி வைக்கின்றாள். பிள்ளைகள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கின்றனர். வீடு அவர்கள் அனுப்பிய காசில் எழுந்தது. கோயிற் கொடியேற்றத்துக்கு வந்து இரண்டு கிழமை தங்குவார்கள் என்ற நம்பிக்கையில் அது காத்திருக்கின்றது.

குடிசன மதிப்பீட்டுக் கணக்கை எடுத்துப் பார்ப்போமாயின் இக்காட்சியின் பொருள் தெளிவாகும். இன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் எல்லைக்குள் 1981 ஆம் ஆண்டிலே சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். 2012 ஆம் ஆண்டிலே எஞ்சியிருந்தோர் 5 இலட்சத்து 83 ஆயிரம். இதே முப்பத்தோராண்டு காலத்தில் இலங்கையின் மொத்தச் சனத்தொகை 148 இலட்சத்திலிருந்து 203 இலட்சமாகப் பெருகிற்று. நாடு முழுவதும் மனிதர் பெருக, நம் மண்ணிலே மனிதர் அருகினர். போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் செய்த வினை இது. அதற்குப் பொறுப்பாளிகள் யாவர் என்பதை நாம் பலமுறை எடுத்துரைத்துள்ளோம், இனியும் உரைப்போம். ஆயின் இன்று நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. மனிதர் அருகிய மண்ணிலே எஞ்சியிருக்கும் நாம் எதனைத் தேடிக்கொண்டிருக்கின்றோம்?

தேசவழமைச் சட்டம் நம்மவர் சொத்தினை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்துக் காட்டுகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707 ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்த அவ்வழமைகளுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. காணியை விற்க விரும்புபவன் தன் மனம் போனபடி யாருக்கும் விற்றுவிட முடியாது. பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். பழைய தொகுப்பிலே அயற்காணிக்காரருக்குங் கூட இடமிருந்தது. இதனை இன்றைய சட்டத்தரணிகள் வழக்குக்குரிய தொல்லையாகக் கருதக்கூடும். நாம் கருதுவது வேறு. காணி ஒருவனுக்கு உரியதாயினும் அதனைச் சுற்றி மனிதர் இருக்கின்றனர், அவர்களைக் கேளாமல் அதனைக் கைமாற்றலாகாது என்னும் எண்ணம் அச்சட்டத்தின் அடியிலே கிடந்தது. பொருளை மனித உறவுக்குள்ளே வைத்துப் பார்த்த சமுதாயம் அது.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாளின் இரவை நம் வாசகருட் பலர் மறந்திருக்கமாட்டார்கள். நாலைந்து இலட்சம் மக்கள் ஓரிரவுக்குள் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டனர். நாவற்குழிப் பாலமும் கோப்பாய் கைதடி வெளியும் அம்மக்கள் வெள்ளத்தைத் தாங்கமாட்டாது திணறின. மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய தூரத்தைக் கடக்க இரவு முழுவதும் சென்றது. அன்று ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு நடுவே நின்று ஒரு தேர்வைச் செய்தது. துவிச்சக்கர வண்டியிலே எதனை ஏற்றுவது, எதனை விடுவது? அலுமாரி நின்றது; தையல் இயந்திரம் நின்றது; வங்கிக் கடனெடுத்து வாங்கிய நீரிறைக்கும் இயந்திரம் கிணற்றடியிலே நின்றது. காணி உறுதியும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும், பரீட்சைப் பெறுபேற்றுத் தாளும், ஒரு பானையும், சிறிது அரிசியும், உள்ள நகையும் வண்டியேறின. நடக்கமாட்டாத தாயையும் தந்தையையும் வண்டியில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனவர்கள் அப்பானையையும் இறக்கி வைத்துவிட்டே போனார்கள்.

மறுநாட் காலையிலே தென்மராட்சியை அடைந்தபோது எது நமக்குக் கைகொடுத்தது? சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் மீசாலையிலும் தம் வீட்டு விறாந்தையையும், குசினியையும், மாட்டுக் கொட்டிலையும் திறந்துவிட்ட மக்கள் கைகொடுத்தனர். தூரத்து உறவினர், கந்தோரில் உடன் வேலை செய்தவர், என்றோ ஒருநாட் படிப்பித்த ஆசிரியரை நினைவிற் கொண்ட பழைய மாணாக்கர் என இத்தகையோர் வீடுகளிலே பத்துக் குடும்பங்கள் ஒரு கிணற்றில் நீரள்ளி மாதக் கணக்காக வாழ்ந்தன. எவரையும் அறியாதவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கினர். 1996 ஆம் ஆண்டு சித்திரை, வைகாசி மாதங்களில் திரும்பி வந்து பார்த்தபோது பல வீடுகளிலே கதவில்லை, யன்னலில்லை, ஓடுகூட இல்லை. விட்டுச் சென்ற அலுமாரியைத் தூக்கிச் சென்றவர் யாவர் என்னும் ஆராய்ச்சியில் நாம் இங்கே இறங்க விரும்பவில்லை. இறங்கினால் விடைகள் எல்லாம் நமக்கு உவப்பானவையாக இராமற் போகலாம்.

அதே ஒக்டோபர் 30 ஆம் நாள், அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990 இலே, யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமாக அம்மாதத்தில் வெளியேற்றப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். கையிலே மிகச் சிறு தொகையும் மாற்றுடையுமே கொண்டு செல்ல விடப்பட்டனர். பெண்களின் காதிலும் கழுத்திலுங் கிடந்த நகைகளுங்கூடக் கழற்றி வாங்கப்பட்டன. அவர்களின் வீட்டுப் பொருள்கள் இங்கேயே நின்றன. மனிதர் போயினர், பொருள் நின்றது. அன்று அவ்வீதியிலே நின்று, போகாதீர்கள் என்று சொல்ல நாவெழாத நாம், ஐந்தாண்டு கழித்து நம் பொருளை விட்டு நடந்தபோது அந்த நாளை நினைத்தோமா? நினைத்தவர் சிலர் உளர் என்பதை அறிவோம். ஆயினும் அந்நினைவு நம்மவர் நாவில் உரத்து ஒலிக்கவில்லை.

இவ்வளவையும் அனுபவித்த மக்கள், ஓரிரவில் பறிபோவது பொருள், எஞ்சுவது மனிதர் என்பதை எவர் போதனையுமின்றி அறிந்திருப்பர் என எதிர்பார்ப்பது இயல்பு. நடந்ததோ மறுதலை. இழந்தவன் இழந்ததை இருமடங்காக மீட்க விரும்புவான் என்பதை நாம் உணர்கின்றோம். அதனைப் பேராசை என்று பழிப்பது நீதியன்று. அடைவுக் கடைக்குப் போன இரண்டு சோடிக் காப்புக்களே எத்தனையோ குடும்பங்களை இடம்பெயர்ந்த காலத்திலே பட்டினியிலிருந்து காத்தன. வலிகாமம் வடக்கிலே 1990 இல் விட்டு வந்த காணியின் ஒரு பகுதி விடப்பட்டும் மறு பகுதி விடப்படாமலும், வேலியோரம் நின்று தன் வளவுப் பனைகளை எண்ணிப் பார்த்துத் திரும்பும் கமக்காரனிடம் சென்று, பொருட்பற்றை ஒழி என்று உபதேசிப்பவர் யாராயினும் அவர் நம் நண்பரல்லர். அவன் கேட்பது பண்டமன்று, தன் இடம். அவ்வாறே 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தையும் எளிய வாழ்வின் பொற்காலமெனப் புகழ நாம் ஆயத்தமில்லை. யாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டுக் கொளுத்திய விளக்கிலே ஒரு தலைமுறை படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தது உண்மை. மருந்தின்றி இறந்தோர் உளர் என்பதும் உண்மை. பிறர் திணித்த இல்லாமை வேறு; தானே விரும்பி அளவறிந்து வாழ்தல் வேறு.

நாம் கண்டிப்பது இவற்றுக்கு அப்பாற்பட்ட ஒன்றை. 2009 இன் பின்னர் ஏ-9 வீதி திறந்தவுடன், வடக்கை நோக்கி முதலில் விரைந்தவற்றுள் தவணைக் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் இருந்தன. போரிலே கணவனை இழந்த பெண்ணுக்கு வாழ்வாதாரம் என்ற பெயரில் நுண்நிதிக் கடன். இளைஞனுக்கு மோட்டார்ச் சைக்கிள். கமக்காரனுக்கு உழவு இயந்திரம். வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி. கிழமைதோறும் கடனறவிட வருபவனின் வண்டிச் சத்தங் கேட்டு ஒளிந்துகொள்ளும் நிலைக்கு எத்தனை பெண்கள் தள்ளப்பட்டனர் என்பது ஊரறிந்தது. 2018 ஆம் ஆண்டிலே, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த 1 இலட்சம் ரூபாவிற்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டியதாயிற்று. அப்பெண்களுட் பெரும்பாலோர் கடன்பட்டது ஆடம்பரத்துக்காகவன்று. ஆயினும் ஒன்றைக் கேட்கின்றோம். ஐம்பதாயிரம் ரூபாவிற்கு அந்நியனின் கடன் தாளிலே கையொப்பமிட அவள் சென்றபோது, அவள் ஊரிலே ஐம்பது இலட்சம் ரூபாவிற்கு மதில் கட்டியவர் எவரும் இருக்கவில்லையா?

மதிலைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கதியால் வேலி இருந்த காலத்திலே வேலியிலே ஒரு பொட்டு இருந்தது. அதன் வழியே அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து உப்புக் கடன் கேட்டது. அதன் வழியே கறிச் சட்டி போயிற்று. நோயுற்றவருக்குக் கஞ்சி வந்தது. ஆண்டுதோறும் வேலியடைக்கும்போது எல்லைச் சண்டையும் வந்தது. அதனையும் மறைக்க வேண்டியதில்லை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் ஆட்டுக்குக் குழையாயின, தோட்டத்துக்குப் பசளையாயின. வசதி படைத்தோர் வீட்டு வாயிலிலே சங்கடப் படலை அமைத்தனர். கூரையிட்ட அப்படலையின் கீழே வழிப்போக்கன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கினான். பருத்தித்துறையிலே வீதியையே மூடிக் கட்டிய தெருமூடி மடத்தை இன்றுங் காணலாம். பிள்ளைப்பேற்றிலே இறந்த பெண்ணின் நினைவாகத் தெருவோரத்திலே சுமைதாங்கிக் கல் நட்டனர். தலைச்சுமையோடு வருபவள், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி மூச்சுவிடுவதற்கு அது உதவிற்று. மாடு உரஞ்சுவதற்குக் கல், குடிக்கத் தொட்டி, ஊருக்குக் கேணி. பணம் படைத்தவன் தன் பணத்தின் ஒரு கூறினைத் தெருவிலே வைத்தான் என்பதே இவற்றின் பொருள். இன்று மதிலின் மேற் கண்ணாடித் துண்டு பதிக்கின்றோம்.

தோட்டத்துக் கிணறும் இத்தகையதே. நம் குடாநாட்டில் ஆறில்லை. சுண்ணக்கற் பாறையின் அடியிலே மாரி மழை சேர்த்து வைக்கும் நீரே நமக்கு உயிர். அந்நீரைப் பங்குக் கிணறு வெட்டி, முறை வைத்து இறைத்தனர். துலா மிதிப்பவன், பட்டை பிடிப்பவன், தண்ணீர் மாறுபவன் என மூவர் சேராமல் புகையிலைக் கன்றுக்கு நீர் போகாது. இன்று நீ வந்து என் தோட்டத்துக்கு மிதித்தாய், நாளை நான் உன் தோட்டத்துக்கு வருவேன் என்பதே அன்றைய கூலி. மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது, முதுகு நிமிர்ந்தது. அதனை நாம் குறைகூறவில்லை. துலா மிதித்து இடுப்பொடிந்தவர் அதனைக் குறைகூறமாட்டார். ஆனால் இயந்திரத்தோடு, ஆளுக்கொரு கிணறு வேண்டும், அதனிலும் ஆழமான குழாய்க் கிணறு வேண்டும் என்ற போட்டியும் வந்தது. அயலவன் துளையினும் ஆழமாகத் துளைப்பவன், அடியிலே இருப்பது பொது நீர் என்பதை மறக்கின்றான். அளவுக்கு மீறி இறைத்தால் மேலேறி வருவது உவர் நீரே.

இவ்விடத்திலே ஒரு சாரார் பழைமையை எண்ணிப் பெருமூச்செறிவர். அவர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியதுண்டு. அந்தப் பழைய கிணறுகளின் அருகிலே, கயிற்றைத் தொட உரிமையின்றி, யாராவது வந்து வார்ப்பார்களா என்று வெறுங்குடத்தோடு மணிக் கணக்காகக் காத்து நின்ற பெண்களும் இருந்தனர். அவர்களின் குடம் பட்டால் நீர் தீட்டாகும் என்றோம். 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இலே மாவிட்டபுரங் கோயில் வாயிலிலே நடந்தது யாது என்பதை இன்றைய இளைஞர் கேட்டறிதல் வேண்டும். நீரைவிட, கல்லைவிட, கயிற்றைவிட மனிதரைத் தாழ்வாக மதித்த குற்றம் அது. மனிதரினும் பண்டத்தை மேலாக வைத்தல் இன்று புதிதாக வந்த நோயன்று. அன்று சாதியின் வடிவிலே இருந்தது, இன்று சீதனத்தின் வடிவிலும் மாடியின் வடிவிலும் இருக்கின்றது.

சீதனம் என்று சொல்லும்போது நம் படித்த வாசகரை நேர் நோக்கியே சொல்கின்றோம். வைத்தியரே, பொறியியலாளரே, கணக்காளரே, உங்களுக்கு ஊரிலே ஒரு விலை இருக்கின்றது. அதனைத் தரகர் அறிவார். வீடு, காணி, இத்தனை பவுண் நகை, அதற்கு மேல் மாப்பிள்ளை வீட்டாருக்கு இனாம் என்று ஒரு தொகை. இலவசக் கல்வியாலே, ஏழைக் கமக்காரனின் வரிப் பணத்தாலே படித்து முடித்தவருக்கு, அதே கமக்காரன் தன் பத்துப் பரப்புத் தோட்டத்தை ஈடு வைத்துப் பணங் கொடுக்கின்றான். அக்கடனை அடைக்க அவன் மகன் கடல் கடக்கின்றான். மகன் போனபின் தோட்டம் தரிசாகின்றது. பின்னர் அவன் அனுப்பும் காசில் ஒரு மாடி எழுகின்றது. நாம் முதலிற் கண்ட பூட்டிய வீடு இங்ஙனமே பிறக்கின்றது. பிள்ளையைக் கொடுத்து வீடு வாங்கும் இவ்வியாபாரத்திலே இலாபம் யாருக்கு என்பதைக் கணக்காளர்கள்தாம் நமக்கு விளக்க வேண்டும். சாமத்திய வீடுகளிலே நிகழ்படக்காரருக்காக மும்முறை உடை மாற்றி நிற்கும் சிறுமிகளைப் பற்றி நாம் எழுதப் புகின் இவ்விதழின் பக்கங்கள் போதா.

இதற்கு மாறான வழியை நம் முன்னோர் அறியாதவரல்லர். 1930 களிலே மூளாய் ஊரவர் தம் சிறு பங்குகளைச் சேர்த்துக் கூட்டுறவு வைத்தியசாலை ஒன்றை நிறுவினர். அதே காலத்திலேதான் புகையிலைக் கமக்காரர், இடைத்தரகரிடம் அகப்பட்டு அழியாது, மலையாளப் புகையிலை விற்பனவுக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். அவர்களிடம் மாடிகள் இல்லை. பலரது வீடு கிடுகால் வேய்ந்தது. இருந்த சிறிதைக் கொண்டு ஒருவரோடொருவர் பிணைந்து நின்றனர். நாம் தேட்டம் என்று மதிக்க விரும்புவது இதனையே. மனிதரை மனிதரோடு சேர்க்கும் பொருள் எத்துணைச் சிறிதாயினும் அது தேட்டம்; பிரிப்பது எத்துணைப் பெரிதாயினும் அது சுமை.

பொருளெல்லாம் வீண் என்னும் துறவு நெறியை நாம் போதிப்பதாக எவரும் கொள்ளற்க. 1981 ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி எரிந்து கிடந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97 ஆயிரம் நூல்களை நாம் வெறும் பொருளென்று எண்ணவில்லை. ஊர் முழுவதும் அழுதது. கிளிநொச்சியிலே 2017 மாசி 20 ஆம் நாள் தொடங்கித் தெருவோரத்திற் குந்தியிருந்து, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்ட தாய்மாரின் கைகளிலே இருந்ததும் ஒரு பொருள்தான். அது ஒரு புகைப்படம். முள்ளிவாய்க்காலிலே வீட்டையும் நகையையும் உழவு இயந்திரத்தையும் கைவிட்டு வந்த அத்தாய்மாருட் சிலரிடம் அப்படமும் எஞ்சவில்லை. பாடசாலைக் குழுப் படத்திலிருந்தோ உறவினர் வீட்டுத் திருமணப் படத்திலிருந்தோ அம்முகத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டனர்.

ஆகவே இப்போது செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி அமைகின்றோம். இனாம் வாங்கமாட்டேன் என்று மணமகனே வாய் திறந்து சொல்லட்டும். தாயார் சொல்கிறார், தமக்கை சொல்கிறார் என்று பின்னால் ஒளிதல் படித்தவனுக்கு அழகன்று. ஒரு குறிச்சிக்கு ஓர் உழவு இயந்திரமும் ஒரு மருந்தடிக்கும் இயந்திரமும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே போதும். ஆளுக்கொன்றாக வாங்கி ஆண்டுக்குப் பத்து நாள் ஓட்டிக் கடனடைக்க வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டு, மண்ணெண்ணெய் இன்றி இயந்திரங்கள் நின்ற கிழமைகளிலே, கிடைத்த எண்ணெயைப் பங்கிட்டு ஒருவர் பயிரை மற்றவர் காத்த தோட்டங்களை நாம் அறிவோம். எண்ணெய் வந்ததும் அப்பழக்கத்தை விட்டுவிட வேண்டுமென்று எவரும் கட்டளையிடவில்லை.

இன்னொன்று, வெளிநாட்டிலுள்ள நம் உடன்பிறப்புக்களுக்கு. திருநெல்வேலியிலே பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த மாணவ மாணவியர் வாடகைக்கு அறை தேடி அலைகின்றனர். புதிதாக நியமனம் பெற்று வந்த தாதியும் ஆசிரியையும் தங்க இடமின்றித் தூர ஊர்களிலிருந்து பேருந்திலே நின்று வருகின்றனர். எட்டு அறைகளுள் ஏழு பூட்டியிருக்கும் வீட்டிலே இரண்டு அறைகளைத் திறந்துவிட்டால், இரவிலே அம்மாவுக்கு நெஞ்சுநோ வந்தால் கதவைத் தட்டுவதற்கு ஒருவராவது இருப்பர். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது பிள்ளைகள் இதனை அம்மாவிடம் கேட்கட்டும். நிலத்திலே கீறல் விழும், சுவரிலே கறை படியும் என்று அவர் தயங்கினால், விழட்டும் என்று சொல்லட்டும். திறப்புக் கோவை அவரிடந்தான் இருக்கின்றது.